துண்டேந்தி நின்ற அப்பா... தியேட்டர் கட்டிய பிள்ளை!

நாடகம் முடிந்து திரை விழுந்த பிறகும் பிருத்விராஜ் கபூருக்கு ஒரு வேலை பாக்கியிருக்கும். ஒப்பனையைக் கலைக்க உட்காராமல் நேரே அரங்க வாசலுக்கு வந்துவிடுவார். சற்று முன்புவரை மேடையை அதிரவைத்த ஆஜானுபாகுவான மனிதர், ஒரு துண்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நிற்பார். வெளியே போகிறவர்கள் சில்லறையோ நோட்டோ, கையில் வந்ததை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். தேசப் பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்கு, பஞ்சத்தில் தவித்தவர்களுக்கு, முடியாமல் படுத்த மேடைத் தொழிலாளிக்கு என்று அந்தப் பணம் போகும். இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வில் 1931-லேயே நடித்து முடித்தவர் அவர். சினிமாவில் சம்பாதிப்பதை நாடகக் குழுவில் கொட்டி, அது போதாமல் வாசலில் துண்டேந்தவும் துணிந்தவர்.

அவருடைய கடைசிப் பிள்ளைதான் சசி கபூர்.

கபூர் குடும்பம் என்றாலே நாம் நட்சத்திரங்களை எண்ண ஆரம்பித்துவிடுகிறோம். பிருத்விராஜ், அவருடைய மூன்று மகன்கள் ராஜ், ஷம்மி, சசி, ராஜின் பிள்ளைகள் ரந்தீர், ரிஷி, ராஜீவ், பேரப்பிள்ளைகள் கரிஷ்மா, கரீனா, ரன்பீர். யார் பெரிய ஸ்டார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அப்பாவின் சொத்தை உண்மையில் யார் கட்டிக்காத்தார் என்று கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. அண்ணன்களின் நிழலில் வளர்ந்து, அமிதாப் பச்சன் படங்களில் இரண்டாம் நாயகனாக நின்று, 'அழகான ஹீரோ' என்ற ஒற்றை வரியில் அடைக்கப்பட்ட சசிதான் அவர்.

பெஷாவரில் தொடங்கிய கதை

இந்தக் குடும்பத்தின் வேர் இன்றைய பாகிஸ்தானில் இருக்கிறது. பிருத்விராஜின் அப்பா பஷேஷ்வர்நாத் பெஷாவரில் கட்டிய 'கபூர் ஹவேலி' இடிந்தும் இடியாமலும் இன்னும் நிற்கிறது. அங்கேதான் 1924-ல் ராஜ் கபூர் பிறந்தார். எட்வர்ட்ஸ் கல்லூரியில் படித்த பிருத்விராஜ், நடிப்புப் பைத்தியம் பிடித்து, அத்தையிடம் கடன் வாங்கிக்கொண்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். பிறகு நியூ தியேட்டர்ஸ் படங்களுக்காகக் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். 1938 மார்ச் 18-ல் சசி பிறந்தது அந்தக் கல்கத்தாவில்தான். வைத்த பெயர் பல்பீர் ராஜ். அம்மா ராம்சர்ணிக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் கூப்பிட்ட சசிதான் நிலைத்தது. பெரிய அண்ணன் ராஜுக்கும் சசிக்கும் வயது வித்தியாசம் 13. கடைசிவரை ராஜ் அவருக்கு இன்னொரு அப்பா மாதிரிதான்.

1944-ல் பிருத்விராஜ் 'பிருத்வி தியேட்டர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கினார். ஏறத்தாழ 150 பேர். நடிகர்கள், பாடகர்கள், தச்சர்கள், தையல்காரர்கள், சமையல்காரர்கள் எல்லோரும் மூட்டை முடிச்சோடு ரயிலில் ஊர் ஊராகப் போவார்கள். நம் ஊரில் டி.கே.எஸ். சகோதரர்களும் நவாப் ராஜமாணிக்கமும் கம்பெனி நடத்திய கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை. 16 ஆண்டுகளில் 2,600-க்கும் மேற்பட்ட காட்சிகள். 1945-ல் போட்ட 'தீவார்' நாடகம், அண்ணன் தம்பி பிரிந்து வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்புகிற கதை. தேசம் இரண்டாகப் போகிறது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மேடையிலிருந்து எச்சரித்த நாடகம் அது. சரியாக 30 ஆண்டுகள் கழித்து அதே பெயரில் ஒரு படம் வந்தது. அதுவும் அண்ணன் தம்பி கதைதான். அதில் தம்பி, சசி கபூர்.

பையனாக இருக்கும்போதே சசி கேமரா முன்னால் நின்றுவிட்டார். 'ஆக்' படத்திலும் 'ஆவாரா'விலும் சின்ன வயது ராஜ் கபூராக வருபவர் அவர்தான். 1951-ல் வந்த 'ஆவாரா'வை இன்னொரு முறை பார்க்கும்போது கவனியுங்கள். நீதிபதி ரகுநாத்தாக பிருத்விராஜ். நாயகனாக ராஜ். சிறுவனாக சசி. வழக்கு நடக்கும் மன்றத்தில் நீதிபதி இருக்கையில் உட்கார்ந்திருக்கும் முதியவர், பிருத்விராஜின் அப்பா பஷேஷ்வர்நாத். ஒரே படத்தில் மூன்று தலைமுறை, நான்கு கபூர்கள்!

அப்படியிருந்தும் சசிக்கு அப்பா சலுகை எதுவும் காட்டவில்லை. படிப்பில் நாட்டமில்லாமல் பதின்பருவத்திலேயே குழுவுக்கு வந்த பிள்ளையை, மேடைக்குப் பின்னால் எடுபிடி வேலையிலிருந்து தொடங்கச் சொன்னார். செட் தூக்குவது, சாமான் கணக்குப் பார்ப்பது, ஆள் வராத அன்று கிடைத்த வேஷத்தைக் கட்டுவது எல்லாம் சசியின் வேலை. சினிமா நட்சத்திரத்தின் பிள்ளையாக அல்ல, நாடகக் கம்பெனிப் பையனாகத்தான் அவர் வளர்ந்தார்.

திரையின் ஓட்டையில் தெரிந்த முகம்

1956. கல்கத்தா எம்பயர் தியேட்டர். நாடகம் தொடங்கும் முன் கூட்டம் எவ்வளவு என்று திரைச்சீலை ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பது நடிகர்களின் வழக்கம். 18 வயது சசியும் அப்படித்தான் பார்த்தார். முன்வரிசைகளில் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரப் பெண். கறுப்பு வெள்ளைப் புள்ளிபோட்ட உடை. கல்கத்தா வெக்கை தாங்காமல், கையிலிருந்த நிகழ்ச்சித் தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார். பிற்காலப் பேட்டிகளில் சசி எதை மறந்தாலும் அந்த உடையையும் அந்த விசிறியையும் மறந்ததில்லை.

அந்தப் பெண் ஜெனிஃபர் கெண்டல். அவரும் ஒரு நாடகக் கம்பெனி வாரிசு என்பதுதான் இந்தக் கதையின் அழகு. அவருடைய அப்பா ஜெஃப்ரி கெண்டல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்கு நாடகம் போட இந்தியா வந்தவர். இந்த மண் பிடித்துப்போய்த் திரும்பி வந்து, 'ஷேக்ஸ்பியரானா' என்ற குழுவோடு நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார். மலைவாசஸ்தலக் கான்வென்ட்டுகளில், மகாராஜாக்களின் அரண்மனைகளில், கல்லூரி மண்டபங்களில் ஹேம்லெட்டும் ஒத்தெல்லோவும் நடக்கும். மனைவி லாரா, மூத்த மகள் ஜெனிஃபர், சின்ன மகள் ஃபெலிசிட்டி எல்லோரும் நடிகர்கள். பஞ்சாபிக் குடும்பம் ஒன்று, ஆங்கிலேயக் குடும்பம் ஒன்று. இரண்டுக்கும் குலத்தொழில் ஒன்றே.

ஜெனிஃபர் சசியைவிட நான்கைந்து வயது மூத்தவர். கெண்டல் குழுவின் முதன்மை நடிகை. காதலுக்காகவே சசி ஷேக்ஸ்பியரானாவில் சேர்ந்து, ஆங்கில வசனங்களை உருப்போட்டு நடிக்க ஆரம்பித்தார். ஜெஃப்ரிக்கு இந்தக் காதல் பிடிக்கவில்லை. மகளைப் பிரிவது ஒரு வருத்தம், கதாநாயகியை இழப்பது இன்னொரு வருத்தம். கடைசியில் சிங்கப்பூர், மலாயா சுற்றுப்பயணத்தில் உறவு முறிந்தது. குழுவைவிட்டு வெளியேறிய இருவர் கையிலும் ஊர் திரும்பக் காசில்லை. பம்பாயில் இருந்த அண்ணன் ராஜ் கபூருக்குத் தகவல் போனது. அவர் டிக்கெட் அனுப்பினார். ஷம்மியும் அவருடைய மனைவி கீதா பாலியும் முதலிலிருந்தே இந்தக் காதலுக்குத் துணை. 1958 ஜூலையில் கல்யாணம் முடிந்தது.

அடுத்த ஆண்டு குணால் பிறந்தான். அதற்கடுத்த ஆண்டு, குரல் கெட்டு உடல் தளர்ந்த பிருத்விராஜ் தன் நாடகக் குழுவை மூடினார். 22 வயது, மனைவி, கைக்குழந்தை, வேலை இல்லை. சசி கபூர் சினிமாவுக்கு வந்தது இப்படித்தான். கனவைத் துரத்தி அல்ல, பால் டின்னுக்காக.

தமிழ் ரசிகர் அறிந்த சசி

நாயகனாக முதல் படங்களில் ஒன்று, யஷ் சோப்ரா இயக்கிய 'தர்மபுத்ரா' (1961). பிரிவினைக் காலத்தின் மதவெறியைப் பேசிய துணிச்சலான படம். ஓடவில்லை. அடுத்தடுத்து வந்தவையும் ஓடவில்லை. ராசியில்லாத ஹீரோ என்று நடிகைகள் ஒதுங்கிய நேரத்தில், அன்று முன்னணியில் இருந்த நந்தா அவரோடு தொடர்ந்து ஒப்பந்தமானார். அந்த ஜோடியின் 'ஜப் ஜப் ஃபூல் கிலே' (1965) நாடு முழுக்கக் கொண்டாடப்பட்டது. காஷ்மீர்ப் படகுக்காரனாக சசி வந்து நின்ற அந்தப் படத்துக்காக நந்தாவுக்கு அவர் கடைசிவரை நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டே ஸ்ரீதர் கையில் சிக்கினார். 'காதலிக்க நேரமில்லை'யை ஸ்ரீதரே இந்தியில் 'ப்யார் கியே ஜா' என்று எடுத்தபோது, ரவிச்சந்திரன் செய்த வேடம் சசிக்கு. நாகேஷ் வேடம் மெஹ்மூதுக்கு. நாகேஷை யாரால் ஈடுகட்ட முடியும் என்பது வேறு பேச்சு. ஆனால் காரோடு வந்து கலாட்டா செய்யும் அந்த இளமைத் துள்ளல் சசிக்கு அப்படியே பொருந்தியது.

அதன் பிறகு அவர் செய்த வேடங்கள் தமிழுக்கு வந்துகொண்டே இருந்தன. 'ஆ கலே லக் ஜா' கதையில் சிவாஜி 'உத்தமன்' ஆனார். 'தீவார்' தமிழில் 'தீ'. ரஜினியின் போலீஸ் தம்பியாக சுமன் செய்தது சசியின் வேடம். 'நமக் ஹலால்' தமிழில் 'வேலைக்காரன்'. சரத்பாபு செய்ததும் சசியின் வேடம்தான். தன்னைவிட உரக்கப் பேசும் ஒரு நாயகன் பக்கத்தில் நிதானமாக, கண்ணியமாக நின்று, அந்த நாயகனையும் உயர்த்தித் தானும் மறையாமல் இருப்பது லேசான காரியமில்லை. 'தீவார்' படத்தில் தம்பியாக நடித்த சசி, அண்ணனாக நடித்த அமிதாப்பைவிட நான்கு வயது பெரியவர். பங்களா, கார், பணம் என்று அண்ணன் தன் செல்வத்தை அடுக்க, தன்னிடம் இருப்பது அம்மா என்று தம்பி மூன்று நான்கு சொற்களில் பதில் சொல்லும் காட்சியை இந்தி சினிமா இன்றும் மறக்கவில்லை. அந்த இடத்தில் சசி குரலை உயர்த்தவே இல்லை. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அங்கே பேசியது நாடக மேடை கற்றுக்கொடுத்த அடக்கம்.

அமிதாப் வாய்ப்புத் தேடி அலைந்த நாட்களில் 'பாம்பே டாக்கி' படத்தில் கூட்டத்தில் ஒருவராக நிற்க வந்தார். இதைவிடப் பெரிய காரியங்கள் உனக்காகக் காத்திருக்கின்றன, இப்படிப்பட்ட வேடங்களில் தலைகாட்டாதே என்று அறிவுரை சொல்லி அனுப்பினார் அந்தப் படத்தின் நாயகன் சசி. பின்னாளில் அந்தப் பையனுக்கே இரண்டாம் நாயகனாக நிற்க நேர்ந்தபோது அவர் முகம் சுளித்ததில்லை.

'டாக்ஸி' ஓடியது யாருக்காக?

எழுபதுகளில் சசி கபூர் கையில் வந்த படத்தையெல்லாம் ஒப்புக்கொண்டார். ஒரே நாளில் இரண்டு மூன்று ஷிஃப்ட். காலையில் ஒரு ஸ்டுடியோவில் காதல், மதியம் இன்னொன்றில் சண்டை, ராத்திரி வேறொன்றில் பாட்டு. சாப்பாடும் தூக்கமும் காரிலேயே. 'சத்யம் சிவம் சுந்தரம்' எடுத்துக்கொண்டிருந்த ராஜ் கபூர் பொறுக்கமாட்டாமல் தம்பிக்கு வைத்த பெயர்தான் 'டாக்ஸி'. யார் கை காட்டினாலும் நிற்கிறான், மீட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறான் என்று.

அண்ணன் சொன்னதில் தவறில்லை. அந்தப் படங்களில் பலவற்றை இன்று யாருக்கும் நினைவில்லை, நினைவில் வைக்கவும் அவசியமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த டாக்ஸி ஓடாது. அன்று மனைவி, பிள்ளைகள் மட்டும்தான். எவ்வளவு பெரிய தயாரிப்பாளர் வந்து நின்றாலும் கால்ஷீட் கிடையாது. குணால், கரண், சஞ்சனா மூவரையும் சினிமாப் பளபளப்பு அண்டாமல் வளர்த்தார் ஜெனிஃபர். விடுமுறை என்றால் கோவா, பாகா கடற்கரை.

டாக்ஸி சம்பாதித்த பணம் எங்கே போனது? முதலில், அப்பாவின் கனவுக்கு.

சொந்தமாக ஒரு நாடக அரங்கம் வேண்டும் என்று பிருத்விராஜ் 1962-ல் ஜூஹுவில் ஒரு மனையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். கட்ட முடியாமலே 1972-ல் இறந்துபோனார். குத்தகையும் முடிந்தது. அந்த இடத்தைச் சசியும் ஜெனிஃபரும் மீட்டார்கள். 1975-ல் அப்பா பெயரில் அறக்கட்டளை அமைத்தார்கள். கட்டடக் கலைஞர் வேத் சேகன் வரைந்து கொடுக்க, 1978 நவம்பர் 5-ல் பிருத்வி தியேட்டர் திறக்கப்பட்டது. முதல் நாடகம் ஜி.பி.தேஷ்பாண்டே எழுதிய 'உத்வஸ்த தர்மசாலா'. மேடையில் நசிருதீன் ஷா, ஓம் புரி, பெஞ்சமின் கிலானி.

அந்த அரங்கத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏறத்தாழ 200 இருக்கைகள்தான். மேடை, அரங்கத்துக்குள் நீண்டு வந்திருக்கும். மூன்று பக்கமும் ரசிகர்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தால் காலை நீட்ட யோசிப்போம், நடிகர் தடுக்கிவிடுவாரோ என்று. மைக் தேவையில்லை. நடிகர் மூச்சை இழுத்துவிடுவது கடைசி வரிசைக்கும் கேட்கும். நெற்றியில் வியர்வை அரும்புவது தெரியும். ஊர் ஊராகச் சுற்றி, எதிரொலிக்கும் மண்டபங்களிலும் பள்ளிக்கூட மாடியிலும் நடித்துத் தொண்டையைக் கிழித்துக்கொண்ட இரண்டு குடும்பத்தின் அனுபவமும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறது. வாடகையைக் குறைவாக வைத்தார்கள். பணமில்லாத இளைஞர்கள் குழு தொடங்க அது ஒன்றே போதுமாக இருந்தது. பம்பாயின் இந்தி நாடகத்துக்கு ஒரு நிரந்தர வீடு கிடைத்தது. நிர்வாகம் முழுக்க ஜெனிஃபர். பக்கத்திலிருக்கும் சிறு கஃபேயில் எழுதுபவர்களும் நடிப்பவர்களும் மணிக்கணக்காக உட்கார்ந்து பேசிப் பேசியே எத்தனையோ நாடகங்கள் பிறந்தன.

பிறகு, நல்ல சினிமாவுக்கு.

'ஃபிலிம் வாலாஸ்' என்று சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார் சசி. ஷியாம் பெனகல் இயக்கத்தில் 'ஜுனூன்', 'கல்யுக்'. கோவிந்த் நிஹலானி இயக்கத்தில் 'விஜேதா'. இவற்றில் எனக்கு மிக நெருக்கமானது அபர்ணா சென்னின் முதல் படமான '36 சௌரங்கி லேன்' (1981). திரைக்கதையைப் படித்த சத்யஜித் ரே, தயாரிப்புக்கு சசி கபூரைக் கேட்டுப் பார் என்று அபர்ணாவிடம் சொன்னார். கல்கத்தாவில் தனியாக வாழும் ஆங்கிலோ இந்திய ஆசிரியை வயலட் ஸ்டோன்ஹாம் வேடத்தில் ஜெனிஃபர். வயதான பெண், ஒரு பூனை, ஷேக்ஸ்பியர், கதவைத் தட்டாத உறவுகள். அந்தத் தனிமையை ஜெனிஃபர் நடித்தது போல இந்திய சினிமாவில் வெகு சிலரே நடித்திருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் இருக்கும் அண்ணன் எட்டியாக வருபவர், நிஜத்தில் அவருடைய அப்பா ஜெஃப்ரி. நினைவுக் காட்சிகளில் பிள்ளைகள் கரணும் சஞ்சனாவும். மருமகனின் காதலை எதிர்த்த மாமனார், மருமகன் பணத்தில் எடுத்த படத்தில் மகளோடு நடிக்கிறார்! இந்தக் குடும்பத்தில் கோபதாபங்கள் தீர்ந்ததும் இப்படி நடிப்பின் வழியாகத்தான். மணிலா திரைப்பட விழாவில் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. பிரிட்டனின் பாஃப்டா விருதுக்கு ஜெனிஃபர் பரிந்துரைக்கப்பட்டார்.

பெரிய அடி 'உத்சவ்' (1984). கிரீஷ் கர்னாட் இயக்கம். சூத்ரகரின் 'மிருச்சகடிகம்', பண்டிதமணி கதிரேசச் செட்டியாரின் தமிழில் நாம் 'மண்ணியல் சிறுதேர்' என்று படிக்கும் அதே நாடகம். வசந்தசேனையாக ரேகா. அரசனின் மைத்துனனான வில்லன் வேடத்துக்கு முதலில் பேசிவைத்தது அமிதாப்பை. 'கூலி' படப்பிடிப்பில் அவர் உயிர்போகும் அளவுக்கு அடிபட்டுப் படுத்துவிட, தொப்பையும் அசட்டுச் சிரிப்புமாக அந்த வேடத்தைச் சசியே கட்டினார். இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் எடுத்து, பணம் தண்ணீராய்ப் போனது. படம் பார்க்க அவ்வளவு அழகு. வசூல் இல்லை. அந்தக் கடன் அவரைப் பல ஆண்டுகள் துரத்தியது.

கணக்குப் பார்ப்பவர்கள் இதை முட்டாள்தனம் என்பார்கள். வணிகப் படத்தில் சம்பாதித்து அதே மாதிரி இன்னொரு வணிகப் படத்தில் போட்டவர்களுக்கு நடுவே, தனக்குப் பேர் வாங்கித் தராத படங்களில்கூட முதல் போட்ட நட்சத்திரம் இவர். மேடைக்காக அப்பா தெருவில் இறங்கியதைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு வேறு எந்தக் கணக்கும் பிடிபடவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஜெனிஃபர் போன பிறகு

'உத்சவ்' வந்த அதே ஆண்டு, 1984 செப்டம்பர் 7-ல் லண்டனில் ஜெனிஃபர் இறந்தார். குடல் புற்றுநோய். ஐம்பதைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். உணவு, உறக்கம், படத்தேர்வு, பணம், பிள்ளைகள் என எல்லாவற்றிலும் சசியை வழிநடத்தியவர் அவர். அதன்பின் சசிக்குத் தன் உடம்பின்மீது அக்கறை போய்விட்டது. எடை ஏறிக்கொண்டே போனது. இந்தியாவின் அழகான ஹீரோ என்று பத்திரிகைகள் எழுதிய முகம், சில ஆண்டுகளில் அடையாளம் தெரியாமல் மாறியது. மறுமணம் செய்துகொள்ளவில்லை.

வியப்பு என்னவென்றால், அவருடைய மிகச் சிறந்த நடிப்பு அதன் பிறகுதான் வந்தது. அரசியல் சதியைத் துருவும் பத்திரிகை ஆசிரியராக நடித்த 'நியூ டெல்லி டைம்ஸ்' (1986) அவருக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைத் தந்தது. அதையும் மிஞ்சியது இஸ்மாயில் மெர்ச்சன்ட் இயக்கிய 'முஹாஃபிஸ்'. அனிதா தேசாயின் நாவலைத் தழுவிய படம். சீரழிந்துபோன உருதுக் கவிஞர் நூர் வேடம். கனத்த உடம்பை மறைக்க அவர் முயலவில்லை. படியேறும்போது வாங்கும் மூச்சை, சரிந்த தோளை, சாப்பாட்டின்மேல் உள்ள ஆசையை எல்லாம் அந்தக் கவிஞனுக்கே கொடுத்துவிட்டார். தேசிய விருதுக் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது.

மெர்ச்சன்ட் ஐவரி நிறுவனத்தோடு அவருக்கு இருந்த உறவு தனிக் கட்டுரைக்கு உரியது. அவர்களுடைய முதல் படமான 'தி ஹவுஸ்ஹோல்டர்' நாயகனே சசிதான். கெண்டல் குடும்பத்தின் கதையையே எடுத்துக்கொண்ட 'ஷேக்ஸ்பியர் வாலா'வில் சசியோடு அந்தக் குடும்பம் மொத்தமும் நடித்தது. இசை சத்யஜித் ரே. இந்திய நடிகர்கள் வெளிநாட்டுப் படத்தில் ஒரு காட்சி தலைகாட்டினாலே தலைப்புச் செய்தியாகும் இன்றைய நிலையில், அறுபதுகளிலேயே நாயகனாக அதைச் சாதித்தவரை நாம் போதுமான அளவு பேசவில்லை.

பிள்ளைகள்

குணால் 'விஜேதா'வில் போர் விமானியாக நடித்தார். நடிப்பைத் தொடராமல் விளம்பரப் படங்கள் பக்கம் போனார். கரண், எண்பதுகளின் விளம்பரங்களில் நாடறிந்த மாடல். பிறகு லண்டனில் புகைப்படக் கலைஞரானார். இருவரும் அம்மாவின் சாயல். வெள்ளைத் தோலும் நீலக் கண்ணும் கொண்ட நாயகனை இந்தி சினிமா ஏற்றுக்கொள்ளவில்லை.

கபூர் குடும்பத்துப் பெண்கள் நடிக்கக் கூடாது என்ற எழுதாத சட்டத்தை 1991-ல் கரிஷ்மா உடைத்தார் என்று எழுதுவது வழக்கம். அது முழு உண்மை அல்ல. அதற்கு முன்பே, 1988-ல் கேத்தன் மேத்தாவின் 'ஹீரோ ஹீராலால்' படத்தில் நசிருதீன் ஷாவுக்கு ஜோடியாக நடித்தவர் சஞ்சனா கபூர். பபிதாவும் நீத்து சிங்கும் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து நடிப்பைவிட்டு ஒதுங்கினார்கள். ஜெனிஃபர் ஒதுங்கவில்லை. சசியின் வீட்டில் அந்தச் சட்டமே இருந்ததில்லை.

சஞ்சனாவின் பெரிய சாதனை சினிமாவில் இல்லை. அம்மாவுக்குப் பிறகு பிருத்வி தியேட்டரை நாட்டின் முக்கியமான நாடக மையமாக வளர்த்தெடுத்தவர் அவர். குழந்தைகளுக்கான கோடைக்காலப் பயிற்சி, நாடக விழாக்கள் எல்லாம் அவருடைய உழைப்பு. பிறகு 'ஜுனூன்' என்ற பெயரில் தனி அமைப்பு தொடங்கி, பள்ளிகளுக்கும் பிற ஊர்களுக்கும் நாடகத்தைக் கொண்டுபோனார். தாத்தாக்கள் இருவரும் செய்ததும் அதுதானே! பிருத்வியின் பொறுப்பு குணாலிடம் வந்தது. ஜெனிஃபரின் பிறந்தநாளான பிப்ரவரி 28-ல் ஜாகிர் ஹுசைன் அங்கே பல ஆண்டுகள் வந்து தபலா வாசித்தார்.

2015 மே மாதம். தாதாசாகேப் பால்கே விருது சசி கபூருக்கு. பிருத்விராஜ், ராஜ் கபூருக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது பால்கே விருது. டெல்லிக்குப் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. மத்திய அமைச்சர் அருண் ஜேட்லி மும்பை வந்து, பிருத்வி தியேட்டரில் வைத்தே விருதைக் கொடுத்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த சசியைச் சுற்றிக் குடும்பமும் பழைய நண்பர்களும். அவருக்கு விருது கொடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை.

2017 டிசம்பர் 4-ல், 79 வயதில் சசி கபூர் காலமானார். மறுநாள் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. நம் கன்னியாகுமரியைச் சூறையாடிவிட்டுப் போன ஒக்கிப் புயலின் மழை அன்று மும்பையில் கொட்டிக்கொண்டிருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு சாந்தாகுரூஸ் மயானத்துக்கு வந்தார்கள் திரையுலகத்தினர்.

அதே ஆண்டு செப்டம்பரில்தான் செம்பூரில் ராஜ் கபூர் கட்டிய ஆர்.கே.ஸ்டுடியோவின் பெரும்பகுதி தீயில் எரிந்தது. 1948-ல் தொடங்கிய ஸ்டுடியோ. எடுத்து நடத்த முடியாமல் குடும்பம் அதை விற்க, 2019-ல் கோத்ரெஜ் நிறுவனம் வாங்கியது. யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை, அவ்வளவு பெரிய ஸ்டுடியோவைக் கட்டிக்காப்பது எளிதல்ல. ஆனால் கபூர் குடும்பம் கட்டிய இரண்டு கலைக்கூடங்களில் இன்று வேலை நடப்பது, 'டாக்ஸி' ஓட்டிச் சம்பாதித்தவர் கட்டிய அந்தச் சின்ன அரங்கத்தில்தான்.

மும்பைக்குப் போகிறவர்கள் கேட்வே ஆஃப் இந்தியாவையும் நட்சத்திரங்களின் பங்களா வாசல்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஒரு மாலையை ஜூஹு, ஜானகி குடீரில் இருக்கும் பிருத்விக்கு ஒதுக்குங்கள். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாட்களில் ஏதாவது ஒரு நாடகம் இருக்கும். நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். நாடகம் தொடங்கிவிட்டால் எப்பேர்ப்பட்ட வி.ஐ.பி. வந்தாலும் அங்கே கதவைத் திறக்க மாட்டார்கள்.